காலிக் கட்டம் கண்டால் கேள்

எங்கள் சலவைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் செயலியின் முதல் வரி பிடிக்கவில்லையாம். செயலியை அமைத்துக் கொடுத்த ஷாலினி போன் செய்து சொன்னாள்.

“அண்ணா, அந்த ஒரு வரியால துணியெல்லாம் அங்கங்க நின்னுடுதாம். தூக்கிடலாமான்னு கேக்கறாங்க. அது ஏன் வந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்களேன். நான் சொன்னா மீட்டிங் மாதிரி இருக்கு.”

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு இஸ்திரி மேஜை, மடிப்பு மேஜை, ரோலிங் எந்திரம் என்று எங்கெங்கோ நின்று, கடைசியில் தரம் பிரிக்கும் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். கரைசல் நெடி நெஞ்சில் தங்கிவிட்டதால் ஓய்வு வயதுக்கு முன்பே விலகிக்கொள்ளும்படி டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் காயும் பக்கத்து வீட்டுத் துணிகளைப் பார்த்து, எது பருத்தி, எது கலப்பு என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருப்பேன்.

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் என்று எங்களுக்குக் கடைகள் உண்டு. அங்கே வாங்கும் துணியெல்லாம் ஆதம்பாக்கத்தில் இருக்கும் கூடத்துக்கு வேனில் வரும். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு கோடியில் கொதிகலன். அதிலிருந்து வரும் ஆவி எப்போதும் ஆள் உயரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். துவைத்த புடவைகள் தலைக்கு மேலே கொக்கிகளில் தொங்கியபடி ஆவிக்குள் போய் மறைந்து, மறுபக்கம் வெளியே வரும். மெதுவாக, யாரோ நடந்து போவதைப் போல. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதை அண்ணாந்து பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

கூடத்துக்கு மேற்பார்வை பிலோமினா மேடம். சாந்தோம் பக்கத்துக் குடும்பம். காலைப் பூசை முடித்து, தலையில் பூவோடு நேராக வேலைக்கு வருவார். எந்தத் துணியையும் அவர் முதலில் முன்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. கையில் வந்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். கறை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அங்கேதான் தெரியும். பிறகு ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. பார்த்து முடிக்கும்வரை வாய்க்குள் ஏதோ ஒரு கோயில் பாட்டை முணுமுணுப்பார். பாட்டு நின்றால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

என்னைக் கேலி செய்வதில் அவருக்குத் தனி இன்பம்.

“ஏழுமலை, பொண்ணு பாக்கப் போனப்பவாவது வாயத் தொறந்தியா?”

“இல்ல மேடம். அவங்கதான் பேசினாங்க.”

“நல்லவேளை. இல்லன்னா நீ இன்னும் அங்கயே உக்காந்துகினு இருப்ப.”

அந்தக் காலத்தில் எல்லாம் நீலச் சீட்டுதான். கடையில் துணியை வாங்குபவர் சீட்டில் கட்டங்களை நிரப்பி அனுப்புவார். என்ன துணி, என்ன நிறம், என்ன கறை, எந்த இடத்தில். அவருக்குச் சந்தேகம் வந்தாலோ, வாடிக்கையாளர் வேறு ஏதாவது சொல்லியிருந்தாலோ, அந்தக் கட்டத்தை எழுதாமல் காலியாக விட்டுவிடுவார். இப்படிச் செய்யும்படி யாரும் சட்டம் போடவில்லை. அது தானாக வளர்ந்த வழக்கம். காலிக் கட்டத்தோடு சீட்டு வந்தால் பிலோமினா மேடம் துணியைத் தனியாக எடுத்து வைப்பார். கடைக்குப் போன் போட்டுக் கேட்பார். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாடிக்கையாளரையே கூப்பிடுவார். எங்களுக்கெல்லாம் காலிக் கட்டம் என்பது, வாசலில் நிற்கும் ஆளைப் போல. போய்க் கேட்காமல் கதவைச் சாத்த முடியாது.

பிறகு செயலி வந்தது.

தரமணியில் ஒரு கம்பெனி, தொழில் செய்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய செயலியைத் தாங்களே அமைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் வைத்திருந்தது. அதில் எங்களுக்கு அமைத்துக் கொடுக்க வந்தவள்தான் ஷாலினி. வந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு மடிப்பு மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணா, நீங்க ஒரு துணியப் பாத்ததும் மனசுக்குள்ள என்ன நடக்குது? அதை அப்படியே சொல்லுங்க.”

மனசுக்குள் நடப்பதைச் சொல் என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடம் பக்கத்தில் நின்று சிரித்தார். “மெதுவா கேளும்மா. சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை வரும்.”

ஆனால் வந்தது. பட்டில் எண்ணெய் என்றால் இன்னது, பருத்தியில் எண்ணெய் என்றால் வேறு. வெளிர் நிறத்தில் காபி, கருநிறத்தில் காபி. ஜரிகைக்குப் பக்கத்தில் வியர்வை. நான் சொல்லச் சொல்ல ஷாலினி அதைத் திரையில் ஓர் அட்டவணையாக அடுக்கினாள். இடது பக்கக் கட்டங்களில் நிபந்தனைகள். வலது கோடியில் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு வரியும் ஒரு முடிவு. கடையில் தட்டும் துணி விவரம் உள்ளே வந்ததும் செயலி மேலிருந்து கீழே வரிகளைப் பார்த்துக்கொண்டே வரும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அங்கேயே நின்று, அதன் கோடியில் இருப்பதைச் சொல்லிவிடும். அதற்குக் கீழே இருக்கும் வரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

“அப்ப எது மேல, எது கீழங்கறதுதான் முக்கியமா?”

“அதேதான் அண்ணா. தனிப்பட்டது மேல. பொதுவானது கீழ.”

மஞ்சள் கறைக்கு வந்தபோது ஒரு பேச்சு வந்தது. மஞ்சளைப் பட்டிலிருந்து எடுக்க வேண்டும். அது பொது விதி. ஆனால் புதுத் துணியின் மூலையில் வைக்கும் மஞ்சளை யாரும் கறை என்று சொல்ல மாட்டார்கள். முதன்முதலாகக் கட்டும்போது வீட்டில் பெரியவர்கள் விரலால் தொட்டு வைப்பது அது. எடுத்துவிட்டால் சிலர் அழுதே விடுவார்கள்.

“எங்கம்மா என் ஜீன்ஸுக்கே வெப்பாங்க அண்ணா,” என்றாள் ஷாலினி. “ஆபீஸ்ல சாம்பார் கொட்டிக்கிட்டியான்னு கேப்பாங்க.”

அதனால் இரண்டு வரி போட்டோம். மேல் வரியில்: பட்டு, மஞ்சள், இடம் மூலை, தொடாதே. கீழ் வரியில்: பட்டு, மஞ்சள், கறையை எடு. கீழ் வரியில் இடம் என்ற கட்டத்தை அவள் எழுதாமல் விட்டாள்.

“இங்க ஏன் காலியா இருக்கு?”

“அட்டவணைல காலியா விட்டா ‘எதுவா இருந்தாலும் சரி’ன்னு அர்த்தம் அண்ணா. எந்த இடமா இருந்தாலும் இந்த வரி பொருந்தும்.”

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எதைக் கொடுத்தாலும் சரி என்று தலையாட்டும் ஒரு கட்டம். கோபமே வராத ஒரு மனிதரைப் போல. அதன்மேல் எனக்கு ஒரு பிரியம்கூட வந்தது. ஆனால் எங்கள் காலிக் கட்டம் வேறு, இந்தக் காலிக் கட்டம் வேறு என்பது எனக்குத் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை. ஷாலினிக்கோ எங்கள் வழக்கமே தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. காற்று இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

செயலி ஓடத் தொடங்கிய பிறகு, வாரத்தில் ஒரு காலை நான் தரமணிக்குப் போவேன். ஷாலினியின் திரையில் ஒரு பக்கம் உண்டு. எந்தத் துணிக்கு எந்த வரி வேலை செய்தது என்று அதில் வரிசையாக வரும். வெண்பட்டு, காபி, மடிப் பக்கம். நீலப் பருத்தி, மை, சட்டைப் பை. எனக்கு அந்தப் பக்கத்தை வாசிப்பது கூடத்தில் அண்ணாந்து பார்ப்பதைப் போலவே இருக்கும். ஊரில் யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து எதையோ சிந்திக்கொண்டிருக்கிறார்கள். அது இங்கே மெல்ல ஊர்ந்து போகிறது.

அப்படி ஒரு காலையில்தான் அந்த வரியைப் பார்த்தேன். மயிலாப்பூர் கடை. பட்டு, கிளிப்பச்சை, மஞ்சள். இடம் என்ற கட்டம் காலி. வேலை: கறையை எடு.

“இது எப்படி எடுன்னு சொல்லிச்சு?” என்றேன்.

ஷாலினி குனிந்து பார்த்தாள். “இடம் காலியா இருக்கறதால மூலை வரி பொருந்தல. அடுத்த வரிக்கு எந்த இடமும் சரி. அதனால அது பொருந்திடுச்சு.”

“காலின்னா கேக்கணுமேம்மா.”

“யார் கேக்கணும்?”

அவள் கேட்ட விதத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. செயலியில் காலியைப் பார்த்துக் கேட்க யாருமே இல்லை. மயிலாப்பூர் கடைக்குப் போன் போட்டேன். கவுண்டரில் இருக்கும் பெண் எடுத்தாள்.

“ஆமாண்ணா, அந்தம்மா மஞ்சளைத் தொடாதீங்கன்னு சொன்னாங்க. மூலையிலயும் இல்ல, ஒரு சாண் உள்ள தள்ளி இருந்துச்சு. என்ன போடறதுன்னு தெரியல. அதான் காலியா விட்டேன், மேடம் கேப்பாங்கன்னு. ஏன், கேக்கலயா?”

கூடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொதிகலன் ஓடும்போது அங்கே போன் சத்தம் யாருக்கும் கேட்காது. நான் எழுந்து நின்றேன். ஷாலினி என்னைப் பார்த்துவிட்டு மடிக்கணினியைப் பைக்குள் போட்டாள்.

பறக்கும் ரயிலில் ஏறினோம். பெருங்குடி தாண்டியதும் சதுப்பு நிலம் வெயிலில் விரிந்து கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் வெள்ளைப் பறவைகள் அசையாமல் நின்றன. யாரோ உலர்த்தப் போட்டுவிட்டு மறந்துபோன கைக்குட்டைகள் மாதிரி. இவ்வளவு அவசரத்திலும் என் கண் அங்கேயே போயிற்று. முகம் தெரியாத ஒரு பெண் கடை வாசலில் நின்று “தொடாதீங்க” என்று சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஷாலினி மறுபடி மறுபடி போன் போட்டுப் பார்த்தாள். வேளச்சேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

கறை எடுக்கும் மேஜை பாபுவுடையது. நான் ஓடி வருவதைப் பார்த்து அவன் எழுந்துவிட்டான்.

“இன்னா அண்ணாத்த, இப்படி ஓடியாற? வூட்ல எதுனா ஆயிடுச்சா?”

“பச்சைப் பட்டு… மஞ்சள்…”

“அதுவா? எடுத்துட்டேனே. போன்ல ‘கறையை எடு’ன்னு வந்துச்சு, எடுத்தேன். பெராக்சைடு போட்டதுல கலரையும் கொஞ்சம் இஸ்துக்கிச்சு. இத்தோ, கலர் கலக்கிக்கினு கீறேன். டச் பண்ணா ஒண்ணியும் தெரியாது.”

மேஜைமேல் புடவை கிடந்தது. இடுப்பில் செருகும் பக்கத்து முனையில், மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மஞ்சள் இருந்த இடம் வெளிறியிருந்தது. மருந்து மஞ்சளோடு சேர்த்துப் பச்சையையும் ஒரு மாற்று இறக்கியிருந்தது. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் பச்சைச் சாயம். பாபு தூரிகையை நனைத்துவிட்டான்.

நான் அந்த இடத்தின் மேல் என் கையை வைத்தேன். “தொடாதே!” என்று கத்திவிட்டேன். அந்தக் கூடத்தில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. இஸ்திரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாத்துக்கு என்மேல எகிர்ற? போன்ல பச்சை லைட்டு எரிஞ்சிச்சு. நான் இன்னா பண்ணுவேன்?”

“உன்ன யாருடா குத்தம் சொன்னா,” என்றபடி பிலோமினா மேடம் வந்துவிட்டார். என் கையை விலக்கினார். புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பாட்டு தொடங்கவே இல்லை.

“கட்டைவிரல்,” என்றார்.

வெளிச்சத்தில் எங்களுக்கும் தெரிந்தது. பாபு நல்ல கைக்காரன். கறையின் விளிம்பைத் தாண்டி அவன் மருந்து ஒரு நூலிழைகூடப் பரவாது. அதனால் மஞ்சள் எந்த உருவத்தில் இருந்ததோ, அந்த உருவம் அப்படியே வெளிர்பச்சையாக நின்றது. ஒரு சின்னக் கட்டைவிரல், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து.

பாபு தூரிகையைக் கீழே வைத்தான். “டச் பண்ணா இது பூடும்,” என்றான் மெல்ல.

“அதனாலதான் பண்ணாத,” என்றார் மேடம்.

ஷாலினி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் திறந்தாள். அவள் முகம் சுண்டியிருந்தது. “எந்த வரிய மாத்தறது மேடம்?”

“வரிய மாத்தாத. பேப்பர் சீட்டுல காலியா இருந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?”

“கேப்பீங்கன்னு இப்பதான் தெரியும்.”

“அதைப் போடு.”

“எல்லாத்துக்கும் மேல போட்டாத்தான் முதல்ல பாக்கும்.”

“மேலயே போடு. நின்னா என்கிட்ட வரட்டும், நான் கேக்கறேன்.”

அப்படித்தான் அந்த முதல் வரி வந்தது. கடையிலிருந்து வரும் விவரத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் துணி நிற்கும். வலது கோடியில் ஒரே சொல்: கேள். அதைத் தட்டி முடிக்கும்வரை ஆவி அவள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. திரை மங்கும்போதெல்லாம் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். “இது போன்ல சொல்ற விஷயம் இல்ல. நீ எடுத்துட்டுப் போ.”

“நானா மேடம்?”

“பாபு போனா சண்டை வரும். நான் போனா நிறைய பேசுவேன். நீ போ.”

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பட்சணத் தூக்குகள், தாம்பூலப் பைகள், பிரித்துப் போட்ட ஜவுளிக் கடைப் பெட்டிகள். கல்யாண வீடு. வாடிக்கையாளரின் பெயர் வசந்தா. என் வயதுதான் இருக்கும். ஈரத் தலையில் துண்டோடு வந்தார்.

“வாங்கோ. நாளைக்குன்னுன்னா சொன்னா? அதுக்குள்ள ஆயிடுத்தா?”

நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் போய்விட்டது. புடவையை விரித்து, அந்த இடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “மஞ்சள் போயிடுச்சும்மா. மன்னிக்கணும்,” என்றேன்.

அவர் அந்த முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உள்ளே மிக்சி ஓடி நின்றது.

“அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு தரம் சொன்னேனே.”

“சொன்னீங்கம்மா. அவங்க மேல தப்பு இல்ல. எங்க இடத்துல வந்துதான் தப்பாயிடுச்சு.”

“உங்களுக்கு அது கறை. எங்கம்மா கைப்பட ஆத்துல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். எல்லாப் போட்டோலயும் கையை மடியில மறைச்சுண்டு உக்காந்திருப்பா.”

ஜன்னலைக் காட்டினேன். “வெளிச்சத்துல வெச்சுப் பாருங்கம்மா,” என்று மட்டும் சொன்னேன். அவர் போனார். துணியைத் தூக்கிப் பிடித்தார். பிறகு தன் வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். பொருந்தவில்லை. விரல் வேறு பக்கம் சாய்ந்தது. இடது கட்டைவிரலை வைத்தார்.

“இடது கை,” என்றார். “அம்மாக்கு எல்லாத்துக்கும் இடது கைதான் வரும். என் நிச்சயதார்த்தத்தன்னிக்கு மஞ்சளைத் தொட்டு மூலையில வெக்கப் போனா. நல்ல காரியத்துக்கு இந்தக் கையாலயான்னு அத்தை எல்லார் எதிர்லயும் கேட்டுட்டா. அம்மா கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டா. அப்புறம் எனக்குக் கட்டிவிடறச்சே, யாரும் பாக்காதப்போ, மூலையில வெக்காம மடிப்புக்குள்ள அழுத்தி வெச்சா. எந்தக் கைன்னு நான் அப்போ பாக்கல. வலது கையால வெச்சிருப்பான்னே நெனைச்சுண்டிருந்தேன் இத்தனை நாளா. மஞ்சளா இருந்தப்போ அது வெறும் பொட்டாத்தான் தெரிஞ்சுது.”

அவருக்கு என்மேல் கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து மகள் “யாரும்மா?” என்றாள். “சலவைக்காரா வந்திருக்கா,” என்றவர், துணியை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே மடிச்சுக் குடுங்கோ. பழைய மடிப்புல மடிச்சா பட்டு விட்டுடும்னு சொல்றாளே.”

“ஆமாம்மா. மடிப்பு மாத்தணும்.”

தாம்பூலப் பைகளை ஒதுக்கி எனக்குக் கட்டிலில் இடம் செய்து கொடுத்தார். நான் புடவையை நீளவாக்கில் நீவி, பழைய கோடுகள்மேல் புதுக் கோடு விழாதபடி மடித்தேன். கை பழகிய வேலை. ஆனாலும் அன்று மெதுவாகத்தான் போனது. ஜன்னல் வெளிச்சம் பட்டின்மேல் தண்ணீர் போல நகர்ந்தது. கடைசி மடிப்புக்கு முன்னால் அந்த விரல் மேலே வந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நிறுத்தினேன். நிமிர்ந்து அவரைக் கேட்டேன்.

“இது வெளிய தெரியணுமாம்மா, உள்ள இருக்கணுமா?”

“உள்ளயே இருக்கட்டும்,” என்றார். “பொண்ணு கட்டிக்கறச்சே இடுப்போட போயிடும். யாருக்கும் தெரியாது.”